பிழியும்போது குலுங்கும் வாஷிங் மெஷின்: அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டறியும் முறை

வாஷிங் மெஷின் பிழியும்போது குலுங்குகிறது என்று அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, எந்த வேகத்தில் குலுங்குகிறது என்பதே. சுற்றத் தொடங்கிய உடனேயா, வேகம் ஏறும் வழியிலா, முழு வேகத்தை எட்டிய பிறகா? இந்த விவரம் தெரிந்துவிட்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். ஏனெனில் உள்ளே சுழல்வது டிரம்மும் துணியும் மட்டுமல்ல. துணியில் ஊறியிருக்கும் நீரும், சரியாக வெளியேறாமல், டிரம்மைச் சூழ்ந்திருக்கும் வெளித்தொட்டியில் தேங்கிய நீரும், டாப் லோடு மெஷின்களில் டிரம்மின் மேல்விளிம்பு வளையத்துக்குள் அடைக்கப்பட்டிருக்கும் உப்புக்கரைசலும் சேர்ந்தே சுழல்கின்றன. வேகம் மாற மாற இந்தத் திரவங்கள் இடம் மாறுகின்றன. அவை எங்கே போய் நிற்கின்றன என்பதைப் பொறுத்தே மெஷின் அடங்கிச் சுற்றுவதோ இடம்விட்டு நகர்வதோ அமைகிறது.

சிறிய எடை என்று எதையும் அலட்சியமாக விடக் கூடாது. 24 செ.மீ. ஆரமுள்ள டிரம்மில் அரை கிலோ ஈரத்துணி ஒரு பக்கமாக ஒதுங்கினால், நிமிடத்துக்கு 400 சுற்று வேகத்தில் அது ஏறத்தாழ 21 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் டிரம்மை வெளிப்புறமாக இழுக்கும். 1200 சுற்றில் அந்த இழுப்பு 190 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. அந்த விசை முழுவதும் டிரம்மின் அச்சைத் தாங்கும் பேரிங்கின் மீதும், தொட்டியைத் தாங்கி ஆட்டத்தை உறிஞ்சும் சஸ்பென்ஷன் மீதும்தான் விழுகிறது.

எல்லா அறிகுறிகளுக்கும் முன்னதாகச் செய்ய வேண்டியவை

டிரம்மை வெறுமையாக்கி, பிழியும் சுற்றை மட்டும் ஓட்டிப் பாருங்கள். வெறும் டிரம்மிலேயே குலுக்கல் இருந்தால் பழுது மெஷினிலோ தரையிலோ இருக்கிறது. இல்லையென்றால் துணி போடும் முறையிலோ நீர் வெளியேறும் வழியிலோ இருக்க அதிக வாய்ப்புண்டு.

அடுத்து, ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை நனைத்து, டாப் லோடு டிரம்மில் நேரெதிராக வைத்துப் பிழியவும். இந்த அளவுக்கு ஒரு நல்ல மெஷின் அமைதியாக வேகம் பிடிக்க வேண்டும். ஃபிரண்ட் லோடில் துணியை வைத்த இடத்தில் வைக்க முடியாது என்பதால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

பிளக்கைக் கழற்றாமல் டிரம்முக்குள் கை விடக் கூடாது. மூடியின் பூட்டை ஏமாற்றி, திறந்த நிலையில் சுற்றவிட்டுப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்ய வேண்டாம்.

அறிகுறி: வேகம் பிடிப்பதற்குள் நின்று, மறுபடி மறுபடி முயல்கிறது

திரையில் மீதி நேரம் பல நிமிடங்களாக அதே எண்ணில் நிற்கும். சில மாடல்களில் யுஇ அல்லது யுபி என்ற எழுத்துகள் தோன்றும். டாப் லோடாக இருந்தால், வடித்த தொட்டியில் மறுபடியும் நீர் நிரப்பி, துணியை அலசிக் கலைத்துவிட்டு, மீண்டும் வடித்துப் பிழியப் பார்க்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று பலர் இந்த இடத்தில்தான் பதறுகிறார்கள். உண்மையில் எடை ஒரு பக்கம் கூடியிருப்பதை அறிந்து, வேகத்தை ஏற்றாமல் தன்னைக் காத்துக்கொள்கிறது.

செலவே இல்லாத காரணம் துணிதான். தனியாகப் போட்ட ஒரு ஜமுக்காளமோ மிதியடியோ ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும். அதற்கு எதிரே ஈடு கொடுக்க எதுவும் இருக்காது. திறந்த வாயுள்ள மெத்தை உறையோ தலையணை உறையோ மற்றத் துணிகளைத் தனக்குள் விழுங்கி ஒரே உருண்டையாகிவிடும். இரண்டு மூன்று துண்டுகளைக் கூடப் போடுங்கள். உறைகளின் பொத்தானையோ ஜிப்பையோ மூடிவிட்டுத் துவையுங்கள். டாப் லோடில் கனமான போர்வையைச் சுருட்டி ஒரு மூலையில் திணிக்காமல், டிரம்மின் சுவரை ஒட்டி வட்டமாகச் சுற்றி வையுங்கள். ஃபிரண்ட் லோடில் டிரம்மை முழுவதும் அடைத்துவிட்டால் துணி புரண்டு பரவ இடம் இருக்காது. 24 செ.மீ. ஆரமுள்ள டிரம்மில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 சுற்றைத் தாண்டும்போதே துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். அதற்குள் அது பரவியாக வேண்டும். ஒட்டிய பிறகு அது இடம் மாறுவதில்லை, அதிலுள்ள நீர் மட்டுமே மாறும்.

துணியைச் சரிசெய்த பின்னும் இதே நிலை தொடர்ந்தால் தரைமட்டத்தைப் பாருங்கள். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை மெஷினின் மேல் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்தால் போதும். பால்கனியிலும் குளியலறையை ஒட்டிய இடத்திலும் நீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகவே அமைத்திருப்பார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வெறும் டிரம்முக்கும் இதே எச்சரிக்கை வருமானால், மின்பலகையோ வேகத்தை உணரும் சென்சாரோ தவறான தகவல் தருகிறது என்று பொருள். அது மெக்கானிக்கின் வேலை.

அறிகுறி: தொடக்கத்தில் குலுங்கி, வேகம் ஏறியதும் அடங்குகிறது

சில விநாடிகள் மட்டும் ஆடி அடங்கினால் அது பழுதல்ல. தொங்கவிடப்பட்ட தொட்டி ஒவ்வொன்றுக்கும் இயல்பாக ஆடும் ஒரு வேகம் உண்டு. டிரம் அந்த வேகத்தைக் கடக்கும்போது ஆட்டம் பெருகத்தான் செய்யும். டாப் லோடில் மேல்வளையத்தின் உப்புக்கரைசலும் அந்த நேரத்தில் உதவாது, சற்றுக் கெடுக்கவே செய்யும். அந்த வேகத்துக்குக் கீழே, கனமான பக்கம்தான் சுழலும் அச்சிலிருந்து அதிகம் விலகியிருக்கிறது. கரைசலும் அந்தப் பக்கமே ஓடி எடையைக் கூட்டுகிறது. அந்த வேகத்தைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. டிரம் தன் எடைமையத்தைச் சுற்றிச் சுழல முயல்வதால் இலேசான பக்கம் வெளியே தள்ளப்படுகிறது. கரைசல் அங்கே போய்ச் சேர்ந்து ஈடுகட்டுகிறது. குலுக்கல் சட்டென்று அடங்குவதற்கு இதுவே காரணம்.

ஆட்டம் அரை நிமிடத்துக்கும் மேல் நீடித்தாலோ, தொட்டி வெளிப்பெட்டியில் இடிக்கும் சத்தம் கேட்டாலோ சஸ்பென்ஷனைச் சந்தேகிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, தொட்டியைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். அது மேலே எழும்பி, அதிகமாகப் போனால் இன்னொரு முறை ஆடி நின்றுவிட வேண்டும். தொடர்ந்து துள்ளினால் ஆட்டத்தை உறிஞ்சும் பாகங்கள் தேய்ந்துவிட்டன. டாப் லோடில் தொட்டி நான்கு சஸ்பென்ஷன் ராடுகளில் தொங்குகிறது. தொட்டிக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளி நான்கு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோல் இல்லாவிட்டால், இடைவெளி குறைந்த பக்கத்து ராடு தளர்ந்திருக்கலாம், அல்லது கொக்கியிலிருந்து நழுவியிருக்கலாம். நழுவிய ராடை மறுபடி மாட்டிவிடலாம். தேய்ந்ததை மாற்றுவதானால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது இறுகியும் பழையது தளர்ந்தும் இருந்து தொட்டி கோணலாகவே தொங்கும். ஃபிரண்ட் லோடின் ஷாக் அப்சார்பர்களுக்கும் இதே விதிதான்: ஜோடியாகவே மாற்ற வேண்டும். இவற்றை மாற்றுவதற்கு மெஷினைச் சாய்க்கவோ பின்பலகையைக் கழற்றவோ வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

அறிகுறி: தொடக்கத்தில் அமைதி, முழு வேகத்தில் குலுக்கல்

அதிகம் தவறாகக் கணிக்கப்படும் அறிகுறி இது. தேவையில்லாமல் ராடும் ஷாக் அப்சார்பரும் மாற்றப்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான். குறைந்த வேகத்தில் அமைதி என்றால் சஸ்பென்ஷன் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது.

முதலில் ஸ்டாண்டைப் பாருங்கள். சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டின் மேல் மெஷினை ஏற்றி வைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. துடைப்பதற்கு வசதிதான், ஆனால் முழு வேகத்தில் அந்த ஸ்டாண்டும் சேர்ந்து ஆடும். மெஷினைத் தரையில் இறக்கி ஒருமுறை பிழிந்து பாருங்கள். குலுக்கல் நின்றுவிட்டால் வேறெதையும் தொட வேண்டியதில்லை. தரையில் இருக்கும்போதே குலுங்கினால், மேல்மூலைகளை எதிரெதிராக அழுத்திப் பாருங்கள். மெஷின் அசைந்தால் ஒரு கால் தரையில் பதியவில்லை என்று பொருள். காலைத் திருகிச் சரிசெய்தபின் அதன் பூட்டு நட்டை இறுக்கவும். நட்டை இறுக்காமல் விட்டால் சில வாரங்களில் கால் தானாகவே திருகிக்கொண்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.

புதிதாக வந்து இறங்கிய ஃபிரண்ட் லோடு முதல் நாளிலேயே அறையின் நடுவுக்கு நகர்ந்துவந்தால், பின்புறத்தில் போக்குவரத்துக்காகப் போட்ட போல்ட்டுகள் கழற்றப்படாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அவை தொட்டியைப் பெட்டியோடு இறுக்கிப் பிடித்திருப்பதால் சஸ்பென்ஷன் வேலையே செய்யாது. கழற்றியபின் எறிந்துவிடாதீர்கள், வீடு மாறும்போது மறுபடி தேவைப்படும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், டாப் லோடில் மேல்வளையத்துக்கு வரலாம். பேலன்ஸ் ரிங் என்று அழைக்கப்படும் இந்த வெற்று வளையத்துக்குள், அறைகளாகப் பிரித்து, உப்புக்கரைசலை முழுவதும் நிரப்பாமல் அடைத்திருப்பார்கள். முழுவதும் நிரப்பினால் கரைசல் இடம் மாற வழியில்லை. உப்புக்கரைசல் வெறும் நீரைவிடக் கனமானது என்பதால் சிறிய வளையத்துக்குள்ளேயே போதிய எடை கிடைக்கிறது. சுழலும் பொருளைத் திரவத்தைக் கொண்டே சமப்படுத்தும் இந்தக் கருத்தை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சுப் பொறியாளர் மாரிஸ் லெப்லாங் முன்வைத்தார். மோட்டாரோ சென்சாரோ இல்லாமல், சுழற்சியின் விசையாலேயே திரவம் தேவையான இடத்தைத் தேடிப் போகும் இந்த ஏற்பாட்டை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

வளையத்தில் விரிசல் விட்டுக் கரைசல் கசிந்துவிட்டால், துணியை எவ்வளவு சீராகப் பரப்பினாலும் சிறிய ஏற்றத்தாழ்வுகூட முழு வேகத்தில் குலுக்கலாக வெளிப்படும். நேரெதிராக வைத்த இரண்டு துண்டுகளின் சோதனையிலும் மெஷின் ஆடுவது இதனால்தான். வளையத்தின் ஒட்டிலும் அதற்குக் கீழே டிரம்மின் வெளிப்புறத்திலும் வெண்ணிறப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். போர்வெல் நீரின் சுண்ணப் படிவும் வெண்மையாகவே இருக்கும் என்றாலும், அது எல்லா இடத்திலும் பரவியிருக்கும். கசிந்த உப்பு ஓரிடத்திலிருந்து வழிந்த தடமாகத் தெரியும். பிறகு டிரம்மை மெல்லக் கையால் சுற்றிக் காது கொடுங்கள். நல்ல வளையத்தில் நீர் சலசலக்கும். சத்தமே இல்லையென்றால் வளையம் காலியாகியிருக்கலாம். கசிந்த வளையத்தில் துளையிட்டு நீர் ஊற்றி ஒட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஒட்டு முழு வேகத்தின் விசையைத் தாங்காது. ஊற்றும் அளவும் அறைக்கு அறை ஒன்றுபோல் அமையாது. வளையத்தை முழுதாக மாற்றுவதே வழி; சில மாடல்களில் டிரம்மோடு சேர்த்தே மாற்ற வேண்டிவரும். வேலையை ஒப்படைக்கும் முன் இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரண்ட் லோடில் இந்த அறிகுறிக்குக் கனமான காரணங்கள் இரண்டு. தொட்டியோடு போல்ட் போட்டு இணைத்த கான்கிரீட் எடைக்கட்டி தளர்ந்திருந்தால் முழு வேகத்தில் தடதடவென்ற சத்தம் வரும். போல்ட்டை இறுக்கினால் போதும். கட்டி உடைந்திருந்தால் மாற்ற வேண்டும். மற்றொன்று, டிரம்மின் முதுகில் மூன்று கைகளாக விரிந்து அதைத் தாங்கும் அலுமினியச் சட்டம் அரித்துப்போவது. கதவைத் திறந்து, டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். டிரம் தொட்டியோடு சேர்ந்து எழாமல் தனியாக ஆடினால், பேரிங்கோ அந்தச் சட்டமோ போய்விட்டது. வேகம் ஏற ஏற உறுமல் கூடினால் பேரிங் என்று கொள்ளலாம். உலோகம் உரசும் சத்தம் வந்தால் சட்டம். இரண்டில் எதுவானாலும் அன்றே மெஷினை நிறுத்துங்கள். சட்டம் முறிந்த டிரம் சுழலும்போது தொட்டியைக் கிழித்துவிடும். செலவு மெஷினின் விலையில் கணிசமான பங்காக இருக்கும்; பழைய மெஷினானால் புதியது வாங்குவது குறித்து யோசிக்க வேண்டிய கட்டம் இதுதான்.

அறிகுறி: நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது திடீரெனத் துள்ளுகிறது

உள்ளே நீர் புகாத துணி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். மழைக்கோட்டு, ரெக்சின் விரிப்பு, குழந்தையின் படுக்கைக்கு அடியில் போடும் ரப்பர் விரிப்பு, நீர் ஊடுருவாத மெத்தை உறை ஆகியவை பை போல மடிந்து நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். மற்றத் துணிகளிலிருந்து நீர் பீறிட்டு வெளியேறி எடை குறைந்துகொண்டே வர, அந்த மடிப்பில் உள்ள நீர் மட்டும் அப்படியே இருக்கும். சுற்று தொடங்கியபோது சமமாக இருந்த எடை, வேகம் கூடிய நிலையில் சமமற்றதாகிவிடுகிறது. அல்லது மடிப்பு பிரிந்து, தேங்கிய நீர் ஒரே நொடியில் வெளியேறி மறுபக்கத்தைக் கனமாக்குகிறது. எடையைச் சரிபார்க்கும் கட்டம் குறைந்த வேகத்திலேயே முடிந்துவிடுவதால் மெஷினால் இதை எப்போதும் முன்கூட்டி அறிய முடிவதில்லை.

இது வெறும் சத்தத்தோடு முடிகிற விஷயமல்ல. 2016 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 28 லட்சம் டாப் லோடு மெஷின்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டிரம் சமநிலை இழந்து கடுமையாக அதிர்ந்ததில், மெஷினின் மேற்பகுதியே கழன்றுவிடும் அபாயம் இருந்தது. போர்வைகளையும் பருத்த துணிகளையும் நீர் ஊடுருவாத துணிகளையும் குறைந்த வேகச் சுற்றில் மட்டுமே துவைக்குமாறு அப்போது உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. எந்த நிறுவனத்தின் மெஷினானாலும் அந்த அறிவுரை பொருந்தும். நீர் புகாத துணியை மெஷினில் பிழியவே வேண்டாம்; கையால் வடித்துக் கொடியில் போடுங்கள்.

அப்படிப்பட்ட துணி எதுவும் இல்லாமலே துள்ளினால், மேலே சொன்ன ராடு சோதனையைச் செய்து பாருங்கள். ஓடும்போதே ஒரு ராடு நழுவியிருக்கலாம். துள்ளிய மெஷினை அன்று மறுபடி ஓட்ட வேண்டாம்.

அறிகுறி: வேகமே பிடிக்கவில்லை, துணி சொட்டச் சொட்ட வருகிறது

இங்கே குலுக்கல் இருக்காது. டிரம் சோம்பலாகச் சுற்றும், மோட்டார் முனகும். நீர் வெளியேறாமல் சுழற்றப்படுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். சுழலத் தொடங்கியதும் நீர் நடுவிலிருந்து விலகிச் சுவரோரம் ஏறிவிடுகிறது. எடை மாறாவிட்டாலும், அச்சிலிருந்து விலகிய நீர் வேகமாற்றத்தை அதிகமாக எதிர்க்கும். பாடப்புத்தகம் நிலைமத் திருப்புத்திறன் என்று சொல்வது இதைத்தான். டிரம் முழுவதும் சீராகப் பரவியிருந்த ஐந்து லிட்டர் நீர் சுவரோரம் ஒதுங்கிவிட்டால், அதன் எதிர்ப்பு ஏறத்தாழ இருமடங்காகும். டிரம்மின் துளைகள் வழியே நீர் வெளியேறி வடிந்தால்தான் அந்தச் சுமை இறங்கி வேகம் ஏறும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, இடையிடையே நிதானித்து நீரை வடியவிடுவதும் இதற்காகவே.

ஆகவே நீர் போகும் வழியைப் பின்தொடருங்கள். டிரெயின் ஹோஸ் மடங்கியோ நசுங்கியோ இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். டாப் லோடுகள் பலவற்றில் பம்ப் கிடையாது. வால்வு திறந்ததும் நீர் தானாகவே தாழ்வான இடத்துக்கு ஓட வேண்டும். அப்படிப்பட்ட மெஷினின் ஹோஸைத் தூக்கி வாஷ்பேசினிலோ சுவர்க் குழாயிலோ மாட்டினால் நீர் முழுவதும் வடியாது. தரையோடு தரையாக விட வேண்டும். பம்ப் உள்ள ஃபிரண்ட் லோடில் கீழ்மூலையிலுள்ள சிறு மூடிக்குள் வடிகட்டி இருக்கும். ஒரு தட்டை அடியில் வைத்து மெல்லத் திருகித் திறந்தால், நாணயம், ஹேர்பின், நூல்கட்டி என்று எது அடைத்திருந்தாலும் வெளியே வரும்.

நுரையும் தடைதான். கைத்துவைப்புக்கான சோப்புத்தூளை ஃபிரண்ட் லோடில் போட்டால், டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவே நுரை அடைத்துக்கொண்டு டிரம்மைப் பிடித்து நிறுத்தும். பம்பாலும் நுரையை இழுக்க முடியாது. சோப்பு இல்லாமல் ஒருமுறை அலசி வடித்தால் சரியாகிவிடும்.

வழியெல்லாம் தெளிவாக இருந்து, தொட்டி முற்றிலும் வடிந்த பிறகும் வேகம் பிடிக்கவில்லையென்றால், தளர்ந்து வழுக்கும் பெல்ட், பலவீனமான கெப்பாசிட்டர், தேய்ந்த கிளட்ச் என்ற வரிசையில் சந்தேகம் போகிறது. ரப்பர் கருகும் வாடை பெல்ட்டைக் காட்டிக்கொடுக்கும். கெப்பாசிட்டர் பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடியது என்பதால், இந்த வரிசையை நீங்கள் திறக்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வெறும் டிரம்மைச் சுற்றினால் நீர் சலசலக்கிறது

புதிதாக டாப் லோடு வாங்கியவர்கள் இதற்காக அழைப்பதுண்டு. மேல்வளையத்துக் கரைசலின் சத்தம் அது. ஒன்றும் செய்ய வேண்டாம்.

அறிகுறி: செமி ஆட்டோமேட்டிக்கின் டிரையர் தொட்டி இடித்துக்கொண்டு சுற்றுகிறது

இரட்டைத் தொட்டி மெஷினில் துணியை டிரையருக்கு மாற்றுவது நம் கைதான் என்பதால், பரப்புவதும் நம் பொறுப்பாகிறது. நன்றாகப் பிழிந்த துணியை அடியில் வட்டமாக அடுக்கி, மேலே அதனுடன் வந்த பிளாஸ்டிக் அழுத்துத் தட்டை வைத்த பிறகே மூடுங்கள். அந்தத் தட்டு இல்லாமல் ஓட்டினால் மேல்துணி எழும்பி வெளித்தொட்டிக்கு இடையில் விழுந்து சிக்கிக்கொள்ளும். விளிம்புக்கு மேல் துணி தெரிந்தால் பாதியை எடுத்துவிடுங்கள்.

வெறும் தொட்டியும் இடித்தால், அடியில் மோட்டாரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருக்கலாம், அல்லது அங்குள்ள ரப்பர் மெத்தை தேய்ந்திருக்கலாம். மெஷினின் பின்பலகையைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும், மலிவான பாகங்கள்தாம். சுழலாமல் உம்மென்று முனகினால் பிரேக் கம்பி இறுகியிருக்கும், அல்லது கெப்பாசிட்டர் போயிருக்கும்.

மூடியைத் திறந்ததும் டிரையர் சில விநாடிகளில் நின்றாக வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது அல்லது கம்பி அறுந்துவிட்டது. சுழலும் துணியில் சிக்கிய கை முறுக்கிக்கொள்ளும் என்பதால், குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், பிரேக் சரியாகும்வரை டிரையரைப் பயன்படுத்தாமல் கையால் பிழிந்து உலர்த்துங்கள்.